நான்கு ஹஜ்ஜுகளின் அறிவிப்பு

அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது திருமறையின் ஆணை. அதனை மிம்பர்மீது நின்று எடுத்துரைக்காத ஆலிம் இலர். ஆயினும், ஒப்படைக்க முன்வரும் ஒருவர், “உங்களுக்குரிய பொருள் எம்மிடம் உள்ளது, வந்து பெற்றுக்கொள்க” என்று அறிவித்தால், அவ்வறிவிப்பைக் கேட்டவர் எவ்வாறு மறுமொழி கூற வேண்டும் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. கொடுப்பவருக்கு ஓர் ஒழுக்கம் உண்டு என்றால், பெறுபவருக்கும் ஓர் ஒழுக்கம் இருத்தல் வேண்டும் அன்றோ?

இச்சிந்தனையைத் தூண்டியவர் சேத்தூரைச் சேர்ந்த ஒரு மூதாட்டியார். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் அமைந்தது சேத்தூர். புலவர் பெருமக்கள் சேற்றூர் என்று எழுதிய, பழைய ஜமீனின் தலைநகர். ஒருநாள் அசர் தொழுகைக்குப் பின்னர், அவ்வம்மையார் தம் மூத்த மகனோடு வந்து, ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மவுத்தாகிவிட்ட அவருடைய கணவரின் பெயருக்கு ஒரு வங்கி அனுப்பியிருந்த அறிவிப்பு அது. சேமிப்புக் கணக்கொன்று நெடுங்காலமாகக் கேட்பாரற்றுக் கிடப்பதாகவும், கணக்கு உடையவரோ அவர்தம் வாரிசுகளோ உரிய சான்றுகளுடன் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதில் கண்டிருந்தது. தொகை முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

“ஹஜ்ரத், இது மெய்தானா? மெய்யென்றால் வாங்கலாமா? வாங்கினால் யாருக்குச் சேரும்?” என்று அவர் மூன்று வினாக்களை அடுக்கினார்.

மூன்றும் நல்ல வினாக்கள். மூன்றுக்கும் வரலாற்றில் விடை உண்டு. நான்காவதாக ஒரு வினா இருந்தது. அதை அவர் கேட்கவில்லை; கேட்கத் தோன்றவும் இல்லை. அதனை இறுதியில் கூறுவேன்.

மக்காவில் தங்கிய மூன்று நாட்கள்

கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அவர்களைக் கொல்லத் துணிந்த மக்கத்துக் குறைஷிகள் பலருடைய பொருள்கள் அவர்கள் வசமே அமானிதமாக இருந்தன. பகைவனென்று வெறுத்த அதே மக்கள், பொருளைக் காக்க நம்பத்தக்கவர் அவரேயன்றி வேறிலர் என்றும் கருதியிருந்தனர். அப்பொருள்களை ஒவ்வொன்றாக உரியவரிடம் சேர்ப்பிக்கும் பணி ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் விடப்பட்டது. அவர்கள் மூன்று நாட்கள் மக்காவில் தங்கி அதனை முடித்த பின்னரே ஹிஜ்ரத் செய்தார்கள். அறிவிப்பின் வரலாறு நமக்கு இங்கே தொடங்குகிறது.

பின்னர்ப் பெருமானாரின் மறைவுக்குப் பின், பஹ்ரைனிலிருந்து பெரும்பொருள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், “இறைத்தூதரிடமிருந்து எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தாலும், அவர்கள் எவருக்கேனும் வாக்களித்திருந்தாலும் எம்மிடம் வருக” என்று அறிவிக்கச் செய்தார்கள். ஜாபிர் (ரலி) என்னும் அன்சாரித் தோழர் முன்வந்து, பஹ்ரைன் பொருள் வந்தால் இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு எனக்குத் தருவதாகப் பெருமானார் மும்முறை கைகளைக் காட்டிச் சொன்னார்கள் என்றார். அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு கையளவு அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். 500 இருந்தது. “இதைப்போல் இன்னும் இரு மடங்கு எடுத்துக்கொள்க” என்றார்கள். கடனை மட்டுமன்றி வாக்கையும் கடனாகவே கருதிய மனம் அது. பெற வந்தவரோ, நினைவில் இருந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பெறுபவருக்குரிய முதல் ஒழுக்கம் அதுவே.

பையும் கயிறும்

கண்டெடுத்த பொருளை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘லுகதா’ என்று வழங்கும். கண்டெடுத்தவர் அதன் பையையும், அதனைக் கட்டியுள்ள கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டுக் காலம் மக்கள் கூடுமிடங்களில் அறிவிக்க வேண்டும் என்பது நபிமொழி. உபை இப்னு கஅபு (ரலி) அவர்களுக்கு 100 தீனார் உள்ள பை ஒன்று கிடைத்தது. ஓராண்டு அறிவித்தார்கள், எவரும் வரவில்லை. மீண்டும் ஓராண்டு, மீண்டும் ஓராண்டு என மூன்றாண்டுகள் அறிவித்தார்கள் என்று ஹதீஸ் கூறும்.

பையையும் கயிற்றையும் ஏன் அறிந்து வைக்க வேண்டும்? அறிவிப்பவர் பொருளின் முழு விவரத்தையும் வெளியிடலாகாது. உரியவராக வருபவரே அடையாளம் கூற வேண்டும். பை தோலா துணியா, கயிறு எந்நிறம், உள்ளே எத்துணை நாணயம் என்று அவர் கூறுவது பொருந்தினால்தான் கொடுக்கலாம். இன்று வங்கியில் அடையாள அட்டையும் கையொப்பமும் இறப்புச் சான்றும் கேட்கின்றார்களே, அது இப்பையும் கயிறுமேயன்றி வேறன்று. அடையாளம் பொருந்தினால் கொடுத்தேயாக வேண்டும் என்பர் மாலிக்கி, ஹன்பலி மத்ஹபினர். கொடுக்கலாம், ஆனால் சாட்சியின்றிக் கட்டாயப்படுத்த இயலாது என்பர் ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபினர். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: உரியவர் இழக்கலாகாது, உரியவரல்லாதவர் பெறலாகாது.

ஈண்டு இன்னொன்றும் கருதத்தக்கது. ஆண்டு கழிந்த பின்னர்ப் பொருள் தர்மம் செய்யப்பட்டிருந்தாலும், கண்டெடுத்தவரால் செலவழிக்கப்பட்டிருந்தாலும், உரியவர் என்றேனும் வந்து கேட்டால் அவருடைய உரிமை உயிரோடிருக்கிறது. காலம் உரிமையை அழிப்பதில்லை.

ஆங்கிலேயர் இயற்றிய 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தோடு இதனை ஒப்பிடுக. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதங்களுக்குக் குறையாமலும் ஆறு மாதங்களுக்கு மிகாமலும் ஒரு நாளைக் குறிப்பார். உரிமையுடையவர் அந்நாளில் வாராவிடின் அவர்தம் உரிமை பறிபோகும். நம் சேத்தூர்ப் பகுதியினர் பிற்காலத்தில் கண்ட அறிவிப்பும் இவ்வகையினதே. 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்து ஜமீன்கள் ஒழிக்கப்பட்டபோது, அவற்றுக்குரிய இழப்பீட்டுத் தொகை தீர்ப்பாயத்தில் செலுத்தப்பட்டது. ஜமீன்தார், அவர் குடும்பத்தார், அவருக்குக் கடன் கொடுத்தோர் ஆகியோர் தத்தம் கோரிக்கையை ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. காலவரையறை ஆட்சிக்கு இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுத்தறியாதவருக்கும் வெளியூர் சென்றவருக்கும் ஆறு மாதம் என்பது ஒரு கண்ணிமைப்பு.

பாண்டிய நாட்டில் ஒரு வாரிசு

இறந்தவர் பொருளை வாரிசு கேட்டுப் பெறுவதில் நம் பாண்டிய நாட்டுக்கே ஒரு பழைய வரலாறு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் முதலிய துறைமுகங்களில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கூறுவதன்படி, கடல் வழியில் மாண்டுபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. அத்தகைய பாண்டியர் அவையில் அமைச்சராக விளங்கியவர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருமகனார். ஹிஜ்ரி 702இல் அவர் இறந்தபோது, அவருடைய செல்வத்தைக் கைப்பற்ற அரசர் முனைந்தார். மகனார் ஸிராஜுத்தீன் 2 இலட்சம் தீனார் செலுத்திய பின்னரே தந்தையின் பொருளும் பதவியும் அவரை வந்தடைந்தன என்று அவ்வரலாறு பகரும். குதிரைக்கு நேர்மையாக விலை தந்த அதே கருவூலம், வாரிசிடம் விலை கேட்டது!

இதற்கு மாறானதொரு காட்சியை இப்னு பதூதா தருகிறார். 1340களில் மதுரை சுல்தானின் விருந்தினராக நம் நாட்டில் தங்கிச் சென்றவர் அவர். பின்னர் 1352, 1353ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பயணம் செய்தார். அந்நாட்டு மக்களிடம் அவர் குறை கண்டவை பல. ஆயினும் மனமாரப் புகழ்ந்த பண்புகளுள் ஒன்று இது: அயல்நாட்டு வணிகர் ஒருவர் அங்கே இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற பொருள் எத்துணைப் பெரிதாயினும் அதனை எவரும் தொடுவதில்லை. அவ்வணிகரின் இனத்தாருள் நம்பத்தக்க ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிடுவார்கள். உரிய வாரிசு வந்து பெறும்வரை அது அவரிடமே இருக்கும். எழுதிய சட்டத்தைவிட எழுதாத நேர்மை வலிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கேட்பவர் மிகுந்தால்

உரியவர் வாராமையால் கிடக்கும் பொருளும் உண்டு. உரியவர் என்று கூறுவோர் மிகுந்தமையால் கிடக்கும் பொருளும் உண்டு. 1948 செப்டம்பரில், ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த நாட்களில், நிஜாம் அரசின் பணம் ஏறத்தாழ 10 இலட்சத்து 8 ஆயிரம் பவுண்டு, இலண்டனில் பாகிஸ்தானின் தூதராயிருந்தவரின் வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது. சில நாட்களிலேயே நிஜாம் அதனைத் திரும்பக் கேட்டார். வங்கி கொடுக்கவில்லை. கேட்டவர் இறந்தார், மாற்றியவர் இறந்தார், பணம் மட்டும் வளர்ந்தது. இந்திய அரசும் நிஜாமின் வழித்தோன்றல்களுமே உரியவர் என்று 2019 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பவுண்டாகியிருந்தது. இடையில் எழுபத்தோராண்டுகள் உருண்டோடிவிட்டன.

நம் உள்ளத்தை இன்னும் நோகச் செய்வது மக்காவின் கேயி ருபாத்து. கேரளத்தின் வடபகுதியைச் சேர்ந்த செல்வர் மாயின்குட்டி கேயி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலபாரிலிருந்து வரும் ஹாஜிகள் தங்குவதற்காக மக்காவில் ஒரு விடுதி கட்டி அர்ப்பணித்தார். ஹரம் ஷரீஃபின் விரிவாக்கத்துக்காக 1971இல் அது இடிக்கப்பட்டது. சௌதி அரசு ஏறத்தாழ 14 இலட்சம் ரியாலை இழப்பீடாகக் கணித்துக் கருவூலத்தில் வைத்தது. வழித்தோன்றல்கள் பல கிளைகளாகப் பிரிந்து நின்று உரிமை கோரினர். வக்ஃபு என்றால் அது எவருக்கும் வாரிசுச் சொத்தன்று. ஹாஜிகளுக்கே உரியது என்று வேறு சிலர் வாதிட்டனர். அரை நூற்றாண்டு கடந்தும் வழக்கு முடிந்தபாடில்லை. ஹாஜிகள் தலைசாய்க்க ஒருவர் கொடுத்த பொருள், ஹாஜி எவருக்கும் பயன்படாமல் ஏட்டில் உறங்குகிறது. “வந்து பெற்றுக்கொள்க” என்னும் அறிவிப்பைக் கேட்டவுடன், “எனக்கு எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் “இது யாருடையது?” என்று கேட்கத் தவறியதன் விளைவு அது. பெறுபவருக்குரிய இரண்டாவது ஒழுக்கம் அக்கேள்வியே.

வாங்கலாமா?

இனி அம்மூதாட்டியாரின் வினாக்களுக்கு வருவோம். அறிவிப்பு மெய்தானா? மெய்தான். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகைகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதியொன்றில் சேர்க்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறை. 2024 மார்ச் இறுதியில் அந்நிதியில் சேர்ந்திருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அங்கே சென்றுவிட்டாலும் உரிமை அழிவதில்லை. உரியவரோ வாரிசோ எப்பொழுது கேட்டாலும் வங்கி கொடுத்துவிட்டு, நிதியிடமிருந்து தான் ஈடு பெற்றுக்கொள்ளும். புதையல் சட்டத்தைப் போலன்றி, லுகதாவின் நெறியை ஒத்திருக்கிறது இவ்வேற்பாடு. பல வங்கிகளில் கிடக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் தேடுவதற்கு ‘உத்கம்’ என்னும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. 2025 அக்டோபரில் நடுவண் அரசு மாவட்டந்தோறும் முகாம்கள் நடத்தும் இயக்கம் ஒன்றையும் தொடங்கியது.

ஆனால், மெய்யான அறிவிப்புக்குப் பின்னால் பொய்யான அறிவிப்பும் வரும். பணம் தருவதற்கு முன்கட்டணம் கேட்பவனும், தொலைபேசியில் இரகசிய எண் கேட்பவனும் அமானிதம் ஒப்படைக்க வந்தவனல்லன். எனவே கடிதத்தில் கண்ட தொலைபேசி எண்ணை நம்பாமல், நேரே வங்கிக் கிளைக்குச் சென்று விசாரிக்குமாறு கூறினேன். மகன் சென்று வந்தார். கணக்கு உண்மையே.

வாங்கலாமா? அசல் தொகை ஹலால் என்பதில் ஐயமில்லை. உடன் சேர்ந்துள்ள வட்டிதான் அவரைத் தயங்கச் செய்தது. இத்தயக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயதுண்டு. எகிப்தில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பெற்ற காலத்தில், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வட்டியை வாங்க மறுத்துவிட்டனர் என்றும், அரசு செய்வதறியாது முஃப்தி முஹம்மது அப்துஹு முதலிய ஆலிம்களை நாடியது என்றும் அக்காலத்து ‘அல்மனார்’ இதழ் தெரிவிக்கிறது. இந்தியாவிலும் முஸ்லிம்கள் பலர் வட்டியை வாங்காமல் வங்கியிலேயே விட்டுவந்தனர். அவ்வாறு விடப்படும் பணம் நமக்கு உடன்பாடில்லாத காரியங்களுக்குச் செல்லும் என்ற அச்சம் எழுந்தபோது, முஃப்தி கிஃபாயத்துல்லாஹ் போன்ற பெருமக்கள், அதனை அங்கே விடாமல் எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு கூறினர். அம்மூதாட்டியாருக்கும் நான் அதையே கூறினேன். பணத்தைக் கேட்பாரற்று விடுவது பேணுதலன்று. பொறுப்பைத் தட்டிக் கழித்தலாகும்.

மறந்துபோன பணம் மீண்டால் கழிந்த ஆண்டுகளுக்கெல்லாம் ஜகாத் உண்டா என்று மகன் கேட்டார். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், முந்தைய ஆளுநர்கள் அநியாயமாகப் பறித்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருமாறும், கழிந்த ஆண்டுகளுக்குரிய ஜகாத்தை அவற்றிலிருந்து எடுக்குமாறும் முதலில் எழுதினார்கள். பின்னர் மற்றொரு மடல் விடுத்து, மீளும் என்ற நம்பிக்கையின்றிக் கிடந்த பொருளாதலால் ஒரே ஒருமுறை எடுத்தால் போதும் என்று திருத்தினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதனைக் குறிக்கிறது. தம் ஆணையைத் தாமே திருத்திக்கொள்ள அஞ்சாத ஆட்சியாளர் அவர்கள். மத்ஹபுகளுக்கிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டாதலால், அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிதல் நலம்.

யாருக்குச் சேரும்?

மூன்றாம் வினாவில்தான் வீடு இரண்டுபட்டது. அவருக்கு மகன்கள் இருவர், மகள்கள் இருவர். வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும் என்று வங்கி கேட்டது. “தங்கைமாருக்கு நகையும் சீரும் செய்து கட்டிக் கொடுத்தாகிவிட்டதே, அவர்கள் கையொப்பம் எதற்கு? கணக்கில் நியமனதாரராக என் பெயர்தானே இருக்கிறது?” என்றார் மூத்த மகன்.

நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே தவிர, பணத்தின் உடைமையாளர் அல்லர். வங்கி வைப்புத்தொகையைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றமும் 2010இல் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது. வாரிசுரிமை ஷரீஅத்தின்படியே பிரியும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் அதற்கு அரணாக நிற்கிறது. சொத்தை 48 பங்காக்கினால் தாய்க்கு எட்டில் ஒன்றாகிய 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. சீரும் நகையும் தந்தை உயிரோடிருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கைக் கழிக்காது. இவ்வளவும் கூறிவிட்டு, கணக்கு முடிந்தது என்று நான் எண்ணிய வேளையில், ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாறு என் நினைவில் வந்து என்னைத் தடுத்தது.

ஸுபைரின் கடன்

ஹிஜ்ரி 36, கி.பி. 656. ஜமல் போர்க்களம். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகழைத்து, தாம் அன்று கொல்லப்படுவோம் என்று எண்ணுவதாகவும், தம் பெருங்கவலை தம் கடனைப் பற்றியதே என்றும் கூறினார்கள். சொத்தை விற்றுக் கடனை அடை. இயலாத இடத்தில் என் எஜமானிடம் உதவி தேடு என்றார்கள். எஜமான் யார் என்று மகன் கேட்டதற்கு, “அல்லாஹ்” என்பதே விடையாக வந்தது.

அக்கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொண்டுவருவார்கள். அவர்களோ, “அமானிதமாக வேண்டாம்; தொலைந்துவிடும் என்று அஞ்சுகிறேன். கடனாகக் கொடுங்கள்” என்பார்கள். அமானிதம் தானே தொலைந்தால் வைத்திருந்தவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கடன் என்றால் எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். பிறர் பொருளின் பாதுகாப்புக்காகத் தாமே பொறுப்பைத் தலைமேல் ஏற்றிக்கொண்ட கடன் அது. மகன் கூட்டிப் பார்த்தபோது 22 இலட்சம் இருந்தது. ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ இல்லை. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று, ‘காபா’ என்னும் பெயருடைய நிலம்: இவையே இருந்தன. 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கிய அந்நிலத்தை 16 இலட்சத்துக்கு மதிப்பிட்டு விற்றார் மகன். கடன் வரவேண்டியவர்கள் அங்கே வருமாறு அறிவித்தார்.

வந்தவர்களுள் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் ஒருவர். அவருக்கு வரவேண்டியது 4 இலட்சம். “நீங்கள் விரும்பினால் அதனை விட்டுத் தந்துவிடுகிறேன்” என்றார். மகன் “வேண்டாம்” என்றார். “விரும்பினால் பிறகு கொடுங்கள்” என்றார். அதற்கும் “வேண்டாம்” என்றார். நிலத்தில் அவருக்குரிய பகுதி அப்பொழுதே அளந்து கொடுக்கப்பட்டது.

கடன் முழுவதும் தீர்ந்தபின் உடன்பிறந்தார் பங்கு கேட்டனர். அப்துல்லாஹ் மறுத்தார். “நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் உளரேல் வருக என்று அறிவிக்கும்வரை பிரிக்கமாட்டேன்” என்றார். பஸ்ராவிலிருந்தும் எகிப்திலிருந்தும் யமனிலிருந்தும் மக்கள் ஒன்றுகூடும் இடம் அதுவன்றி வேறேது? நான்கு ஹஜ்ஜுகளில் அறிவித்தார். அதன் பின்னரே, வசிய்யத்துக்குரிய மூன்றிலொரு பங்கை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைப் பிரித்தார். ஸுபைரின் மனைவியர் நால்வருக்கும் தலைக்குப் 12 இலட்சம் கிடைத்தது என்று ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. கடன் முன்னே, பங்கு பின்னே. கேட்டு வந்தவருக்கு மட்டுமன்று. கேட்டு வாராதவருக்கும் நான்காண்டுக் காத்திருப்பு.

கேட்கப்படாத நான்காம் வினா

இவ்வரலாறு நினைவுக்கு வந்ததும், அம்மூதாட்டியாரிடம் ஒன்று கேட்டேன்: “அம்மா, உங்கள் மஹர் கொடுக்கப்பட்டதா?”

அவர் விழித்தார். மஹர் என்பது கொடுக்கப்படும் பொருள் என்பதையே மறந்திருந்தார். பள்ளிவாசல் நிகாஹ் தஃப்தரை எடுத்து வரச் சொன்னேன். 1976ஆம் ஆண்டின் ஏட்டில், மங்கிய மையில், மூன்று பவுன் மஹர், கடன் என்று எழுதப்பட்டிருந்தது. கொடுத்ததாகக் குறிப்பேதும் இல்லை. “ஜனாஸா எடுக்கும் முன்னால் உள்ளே வந்து, மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், ஹஜ்ரத். என்ன சொன்னேன் என்று நினைவில்லை” என்றார்.

விதவையின் மஹர் கணவர் விட்டுச்சென்ற சொத்தின்மீதுள்ள கடன். ஏனைய கடன்களைப் போலவே அதுவும் வாரிசுப் பங்கீட்டுக்கு முன்னர்த் தீர்க்கப்பட வேண்டும். ஷரீஅத் கூறும் இதனை இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1916ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றில் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்குக் காலவரையறை உண்டு. அல்லாஹ்வின் திருமுன் கடனுக்குக் காலவரையறை இல்லை. இன்றைய விலையில் ஒரு பவுனே அந்த வங்கிக் கணக்கை விஞ்சும். எனவே நான் 48 பங்காகப் பிரித்துக் காட்டிய கணக்கு பயனற்றுப் போயிற்று. மஹர் நிலுவையில் இருக்குமாயின், அத்தொகை முழுவதும் அவருடையதே. அதன் பின்னும் அவருக்குக் கடன் நிற்கும்.

மனைவி மனமுவந்து விட்டுக் கொடுத்தால் அதனை உண்ணலாம் என்று திருமறை அனுமதிக்கிறது. ஆனால் மனமுவத்தல் என்பது நிபந்தனை. மையித்து கூடத்தில் கிடக்க, ஊர் வாசலில் காத்து நிற்க, அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் ஒரு சொல்லைக் கறந்து வாங்குவது மனமுவத்தலா? ஸுபைரின் வீட்டில் கடன் கொடுத்தவர் தாமே விட்டுத் தருகிறேன் என்றார். வாரிசு வேண்டாம் என்றார். நம் வீடுகளில் வாரிசுகள் கேட்கிறார்கள். கடன் கொடுத்தவள் அழுதுகொண்டே தலையசைக்கிறாள்.

இதனைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்றும் எண்ணிப் பார்க்கிறேன். முப்பதாண்டுகளாக நிகாஹ் மஜ்லிஸ்களில் அமர்ந்து, மஹர் கடன் என்று என் கையாலேயே எழுதியவன் நான். எத்தனையோ ஜனாஸாக்களில், உள்ளே அச்சொல் கேட்கப்படுவதை அறிந்தே வெளியே நின்றவன் நான். வங்கிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பத்தாண்டு கழிந்தால் அது தேடி வந்து கடிதம் எழுதுகிறது. நாம் வைத்திருக்கும் தஃப்தரோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் எவருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தங்கையர் இருவரின் கையொப்பத்தோடு மூத்த மகன் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். மஹரைப் பற்றிக் கேட்டேன். “அம்மா கேட்கவில்லையே, ஹஜ்ரத்” என்றார். “ஸுபைரின் கடன்காரர் எல்லோரும் கேட்டா வந்தார்கள்? மகனன்றோ நான்காண்டு கூவி அழைத்தார்” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை; படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு சென்றார். பணம் வந்துவிட்டதென்று பின்னர் அறிந்தேன். அது எவ்வாறு பகிரப்பட்டது என்பது அவ்வீட்டாருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது.

எனக்கும் என் போன்றோருக்கும் உரிய கடமை ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் நிகாஹ் தஃப்தர் உண்டு. அதில் கடன் என்று எழுதப்பட்டு, கொடுத்ததாகக் குறிக்கப்படாத மஹர்களை ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்த்து, உரிய கணவன்மாருக்கும் வாரிசுகளுக்கும் ஜமாஅத்தார் தனித்தனியே எழுதித் தெரிவிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. கணவர் உயிரோடிருக்கும்போதே தெரிவித்தால், ஜனாஸாவின் அருகில் எவரும் அச்சொல்லைக் கேட்க வேண்டியிராது. எங்கள் பள்ளிவாசலின் தஃப்தரை 1976ஆம் ஆண்டிலிருந்து நான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.